பாலிமர் இழையில் லேசரால் ஒளி உணரி எழுதுவது எப்படி: பொருள் தேர்விலிருந்து அளவுத்திருத்தம் வரை

சிலிகா எனப்படும் கண்ணாடி இழையில் பிராக் கீற்றணி (ஒரே ஒரு அலைநீள ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும் நுண்வரிகள்) எழுதிப் பழகியவர்கள் பாலிமர் இழையைக் கையில் எடுத்ததும் நேராக லேசர் மேசைக்குப் போய்விடுகிறார்கள். ஆற்றலைக் கூட்டிப் பார்ப்பார்கள், குறைத்துப் பார்ப்பார்கள், வாரக்கணக்கில் மெனக்கெடுவார்கள். உண்மையில் லேசர் படும் நேரம் சில நொடியோ சில நிமிடமோதான், மிஞ்சினால் ஒரு மணி நேரம். உணரி தேறுவதும் தேறாததும் அதற்கு முன்னும் பின்னும் செய்கிற வேலையில் இருக்கிறது. தான் பட்ட சூடு, தன்னை இழுத்த இழுப்பு, தான் குடித்த ஈரம் எல்லாவற்றையும் உள்ளே வைத்துக்கொண்டிருக்கும் பொருள் பாலிமர். அந்தப் பழைய கணக்கைத் தீர்க்காமல் எழுதினால், எழுதியது நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே இருக்கும். இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கணக்கைத் தீர்ப்பதைப் பற்றியதுதான்.

அடிப்படையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். இழையின் உள்ளகத்தில், அதாவது ஒளி ஓடும் நடுப்பகுதியில், ஒளிவிலகல் எண்ணைச் சீரான இடைவெளியில் ஏற்றி இறக்கினால், ஒரே ஒரு அலைநீளம் மட்டும் திரும்பி வரும்:

அலைநீளம் = 2 × ஒளிவிலகல் எண் × கீற்று இடைவெளி

இழை நீண்டால் இடைவெளி மாறும். சூடானால் இரண்டுமே மாறும். திரும்பி வரும் அலைநீளம் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் அளவு தெரிந்துவிடும். கண்ணாடி இழையில் இது 1978இல் கனடாவில் கென் ஹில் குழுவின் கைக்கு வந்தது. பாலிமர் இழைக்கு வர இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது: 1999இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் எழுதிக் காட்டினார்கள்.

எதை அளக்கப் போகிறீர்கள்? அதுதான் பொருளைத் தீர்மானிக்கும்

பாலிமர் கீற்றணி திரிபுக்கு (இழுத்தால் நீளும் விகிதத்துக்கு) கண்ணாடியைவிடப் பல மடங்கு உணர்திறன் கொண்டது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியில்லை. ஒரே அளவு திரிபுக்கு இரண்டின் அலைநீள நகர்வும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பாலிமர் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. பெரிய வித்தியாசம் விசையில் இருக்கிறது. சிலிகாவின் யங் குணகம் (பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்) சுமார் 72 கிகாபாஸ்கல், அக்ரிலிக் எனப்படும் பிஎம்எம்ஏவுக்குச் சுமார் 3. விட்டம் 125 மைக்ரோமீட்டர் உள்ள இழையை 1 நியூட்டன் விசையால் இழுத்தால் கண்ணாடி ஏறத்தாழ 0.11 சதவீதம் நீளும். அதே விசைக்கு அக்ரிலிக் இழையின் கணக்கு 2.7 சதவீதம் வரை போகிறது. அழுத்தம், மெல்லிய தொடுகை, ஒலி அதிர்வு, மென்மையான பொருளுக்குள் பதிக்கும் உணரி ஆகியவற்றில் பாலிமர் ஜெயிப்பது இதனால்தான். கான்கிரீட்டில் ஒட்டித் திரிபு மட்டும் பார்ப்பதென்றால் கண்ணாடி இழையே போதும். பாலிமரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

அடுத்த கேள்வி ஈரம். அக்ரிலிக் தன் எடையில் 2 சதவீதம் வரை தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சினால் பருக்கும், ஒளிவிலகல் எண்ணும் ஏறும். இரண்டும் அலைநீளத்தை ஒரே பக்கமாகத் தள்ளும். ஈரப்பத உணரி வேண்டுமென்றால் இது வரம். வெப்பமோ திரிபோ அளக்க வந்தவருக்கு இதுவே தீராத தலைவலி. அவர்கள் டோபாஸ், ஜியோனெக்ஸ் போன்ற வளைய ஓலிஃபின் வகைகளுக்குப் போகலாம். அவை தண்ணீரைச் சீண்டுவதே இல்லை என்று சொல்லும் அளவுக்கு உறிஞ்சல் குறைவு. சூடு அதிகமுள்ள இடமென்றால் பாலிகார்பனேட் நல்லது; அதன் கண்ணாடி நிலைமாற்று வெப்பநிலை (பொருள் இறுக்கம் விட்டு இளகத் தொடங்கும் சூடு) 145 செல்சியஸ் அளவில் இருக்கிறது, அக்ரிலிக்குக்கு 105தான். பாலிகார்பனேட் கொஞ்சம் ஈரம் குடிக்கும், ஆனால் அக்ரிலிக் அளவுக்கு இல்லை.

இன்னொன்று: கடையில் சுலபமாகக் கிடைக்கும் 1 மில்லிமீட்டர் அக்ரிலிக் இழையில் பிராக் கீற்றணி எழுத முயல வேண்டாம். அதன் உள்ளகமே 980 மைக்ரோமீட்டர். எண்ணற்ற ஒளிப்பாங்குகள் (ஒளி செல்லும் தனித்தனி வழிகள்) ஓடும். திரும்பி வருவது கூர்மையான முகடாக இராது, கலங்கிய மேடாகத்தான் தெரியும். ஒற்றைப்பாங்கு அல்லது சில பாங்குகள் மட்டுமே உள்ள இழை வேண்டும்.

அந்த 1 மில்லிமீட்டர் இழையைத் தூக்கிப் போட்டுவிடவும் வேண்டாம். இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களை நான் முதலில் அதில்தான் பழகச் சொல்வேன். 10.6 மைக்ரோமீட்டர் கார்பன் டையாக்சைடு லேசரை அக்ரிலிக் மேற்பரப்பிலேயே உறிஞ்சிக்கொள்ளும். பட்ட இடம் ஆவியாகிப் போகும். இழையின் ஒரு பக்கத்தில் மேலுறையைத் தாண்டி உள்ளகத்தைத் தொடும்படி வரிசையாகப் பள்ளங்கள் வெட்டுங்கள். ஒரு முனையில் சிவப்பு எல்இடி, மறுமுனையில் ஒளி டையோடு. பள்ளம் உள்ள பக்கம் வெளியே வரும்படி வளைத்தால் ஒளியிழப்பு கூடும், உள்ளே வரும்படி வளைத்தால் குறையும். வளைவின் திசையையும் சேர்த்துச் சொல்லும் உணரி ஒரே மாலையில் தயார். லேசர் பாலிமரை என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

அலைநீளம்: கணக்கை முதலில் போடுங்கள்

தொலைத்தொடர்புக் கருவிகள் எல்லாம் 1550 நானோமீட்டரில் இருப்பதால் கை அங்கேதான் போகும். ஆனால் அங்கே அக்ரிலிக்கின் ஒளியிழப்பு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 டெசிபல். பத்து சென்டிமீட்டருக்கு மேல் இழை வைத்தால் போய்த் திரும்பும் ஒளியில் மிச்சம் ஒன்றும் இராது. 850 நானோமீட்டர் பக்கம் வந்தால் இழப்பு மீட்டருக்குச் சில டெசிபலாக இறங்கிவிடும். ஆய்வகத்தில் 1550க்கான கருவி ஏற்கெனவே இருந்து, இழையும் குட்டையாக இருந்தால் அதிலேயே தொடருங்கள். புதிதாக வாங்குவதென்றால் 850தான் நல்லது.

850 நானோமீட்டருக்கு, ஒளிவிலகல் எண் 1.49 என்று வைத்தால், கீற்று இடைவெளி 285 நானோமீட்டர். ஃபேஸ் மாஸ்க்கின், அதாவது லேசர் கற்றையைப் பிரித்து இழைக்குள் கீற்றுகளாக விழவைக்கும் வரித்தகட்டின், இடைவெளி இதைப்போல இரு மடங்கு, அதாவது 570.

இங்கே பலர் சறுக்கும் ஒரு இடம் உண்டு. கண்ணாடி இழைக்காக வாங்கிய மாஸ்க் அலமாரியில் இருக்கும், அதையே போட்டுவிடுவார்கள். 1070 நானோமீட்டர் மாஸ்க் கண்ணாடியில் 1548 பக்கம் முகடு தரும். அதே மாஸ்க் அக்ரிலிக்கில் 1585 பக்கம் போய்விடும். டோபாஸில் 1620ஐயும் தாண்டிவிடும். உங்கள் இன்டராகேட்டர் (திரும்பி வரும் அலைநீளத்தைப் படிக்கும் கருவி) 1590 வரைதான் பார்க்கும் என்றால், கீற்றணி அருமையாக விழுந்திருந்தாலும் திரை வெறுமையாகத்தான் இருக்கும். லேசரைக் குறை சொல்வதற்கு முன் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள்.

லேசர் தேர்வும் பாதுகாப்பும்

மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஹீலியம் காட்மியம் லேசர், 325 நானோமீட்டர், 30 மில்லிவாட் அளவு: மெதுவாக எழுதும், பல நிமிடங்கள் பிடிக்கும், சில இழைகளில் ஒரு மணி நேரம்கூட ஆகும், ஆனால் சாதுவானது. கிரிப்டான் ஃபுளோரைடு எக்சைமர் லேசர், 248 நானோமீட்டர்: துடிப்புக்குச் சில மில்லிஜூல், நொடிக்கு ஒரு துடிப்பு என்ற கணக்கில் சில நொடிகளில் வேலை முடியும். உள்ளகத்தில் பென்சில் டைமெதில் கீட்டல் என்ற, ஒளிக்கு வினைபுரியும் வேதிப்பொருள் கலந்த அக்ரிலிக் இழை என்றால் 15 நானோநொடி நீளமுள்ள ஒரே துடிப்பில்கூட கீற்றணி விழுந்திருக்கிறது. மூன்றாவது ஃபெம்டோசெகண்ட் லேசர். அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

புற ஊதாக் கற்றை கண்ணுக்குத் தெரியாது. 325க்கு வாங்கிய பாதுகாப்புக் கண்ணாடி 248க்குச் சரியா என்று அதன் சட்டத்தில் அச்சிட்டிருக்கும் அலைநீள வரம்பைப் படித்துப் பார்த்த பிறகே அணியுங்கள். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவையுங்கள். எக்சைமரில் ஃபுளோரின் வாயு இருக்கிறது. வாயு உணரியும் காற்றிழுப்பும் இல்லாத அறையில் அதை இயக்கவே கூடாது. கார்பன் டையாக்சைடு லேசரில் அக்ரிலிக் வெட்டும்போது எழும் புகையில் மெதில் மெதக்ரிலேட் இருக்கிறது, அதற்கும் உறிஞ்சி கட்டாயம்.

எழுதுவதற்கு முன்: இழையை அமைதிப்படுத்துதல்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகும் படியும் இதுதான்.

பாலிமர் இழையைத் தடித்த தண்டிலிருந்து சூடாக்கி இழுத்து நீட்டுகிறார்கள். மூலக்கூறுச் சங்கிலிகள் இழுத்த திசையில் நெட்டாக நின்று, அப்படியே குளிர்ந்து உறைந்துபோகின்றன. உள்ளே அவை சுருளத் துடித்துக்கொண்டுதான் இருக்கும். பிற்பாடு சூடோ ஈரமோ கிடைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். அதனோடு கீற்று இடைவெளியும் சுருங்கும், முகடு குறைந்த அலைநீளத்துக்கு நகரும். திரும்பியும் வராது.

அனீலிங், அதாவது மிதமான சூட்டில் வெகுநேரம் வைத்து உள்ளிறுக்கத்தைத் தளர்த்துவது, இதற்கான மருந்து. அக்ரிலிக் இழையை 80 செல்சியஸில் ஒரு நாள் முழுக்க, முடிந்தால் இரண்டு நாள் வையுங்கள். ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் அடுப்பு இருந்தால் அதிக ஈரத்தில் வைப்பது இன்னும் நல்லது, சங்கிலிகள் வேகமாகத் தளரும். இழையை எதிலும் கட்டாமல், சுற்றாமல், வழவழப்பான தட்டில் தளர்வாகக் கிடத்துங்கள். சுருளாக வைத்து அனீல் செய்தால் அந்தச் சுருளையும் அது நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு மேசையில் நேராகப் படுக்கவே படுக்காது. முடிந்ததும் கதவைத் திறந்து வெளியே எடுக்காதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டுத் தானாக ஆறவிடுங்கள்.

அனீலிங் போதுமா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை. அடுப்பில் வைக்கும் முன் இழையில் 100 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு மைப்புள்ளி வையுங்கள். வெளியே எடுத்து அளந்தால் இடைவெளி குறைந்திருக்கும். இழுவிசை அதிகம் கொடுத்து இழுத்த இழையில் அது கண்ணுக்கே தெரியும். அதே சூட்டில் இன்னொரு நாள் வைத்து மறுபடி அளங்கள். புள்ளிகள் நகரவில்லை என்றால் இழை அடங்கிவிட்டது. நகர்ந்திருந்தால் இன்னும் மிச்சம் இருக்கிறது.

சிலர் இந்தச் சுருக்கத்தையே சாதகமாக்கிக்கொள்கிறார்கள். ஒரே மாஸ்க்கால் அனீல் செய்யாத துண்டில் எழுதி, பிறகு அனீல் செய்தால் முகடு கீழே இறங்கும். அனீல் செய்த இடத்தில் மறுபடி எழுதினால் ஒரே இழையில் இரு வேறு அலைநீளங்கள் கிடைத்துவிடும், இரண்டாவது மாஸ்க் வாங்க வேண்டியதில்லை. அழகான உத்தி. ஆனால் முதல் உணரி ஒழுங்காக வேலை செய்த பிறகு இதற்குப் போங்கள்.

அடுத்து முனை வெட்டுதல். கண்ணாடி இழைபோலக் கீறி ஒடித்தால் பாலிமர் ஒடியாது, நசுங்கும். மெல்லிய சவர பிளேடையும் இழையையும் 70 முதல் 80 செல்சியஸுக்குச் சூடாக்கி, ஒரே வேகத்தில் நேர் செங்குத்தாக இறக்க வேண்டும். ஒரு வெட்டுக்குப் பிளேடின் ஒரு புதிய இடம். அதே இடத்தால் இரண்டாவது வெட்டு வேண்டாம். வெட்டிய முனையை நுண்ணோக்கியில் பாருங்கள். குளிர்ந்த பிளேடு என்றால் முகமெங்கும் வெண்மையான நுண்விரிசல்கள் தெரியும். சூடு மிஞ்சியிருந்தால் விளிம்பு ஒரு பக்கமாக வழிந்து உதடு போல மடிந்திருக்கும். நுண்துளை இழையில் (நீளவாக்கில் நுண்துளைகள் ஓடும் இழையில்) துளைகள் அடைத்துக்கொள்ளும். சரியான சூட்டில் வெட்டிய முகம் கண்ணாடித் தகடு போலக் கறுத்துத் தெளிவாக இருக்கும்.

துடைப்பதற்கு அசிட்டோன் மட்டும் வேண்டவே வேண்டாம். கண்ணாடி இழைப் பழக்கத்தில் நான் ஒருமுறை துடைத்துவிட்டேன். முனை பால்போல வெளுத்துக் குழைந்தது. இரண்டு நாள் அனீல் செய்த இழை, அத்தனையும் வீண். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த துணியால் ஒரு தடவை ஒற்றி எடுங்கள். இழை வளைந்து தகைவோடு இருக்கும்போது அதையும் தொடாதீர்கள், மேற்பரப்பில் விரிசல் விடும்.

ஃபேஸ் மாஸ்க் வழியாக எழுதுதல்

இழையை வி வடிவப் பள்ளமுள்ள தாங்கியில் கிடத்தி, எழுதும் இடத்துக்கு இருபுறமும் பாலிஇமைடு நாடாவால் ஒட்டுங்கள். நேராக இருக்க வேண்டும், ஆனால் இழுபடக் கூடாது. இழுத்து ஒட்டினால் என்ன ஆகும்? 0.1 சதவீதம் நீண்ட நிலையில் 850 நானோமீட்டர் கீற்றணி எழுதி, பிறகு நாடாவை எடுத்தால் முகடு ஏறத்தாழ 0.7 நானோமீட்டர் கீழே விழும். அது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவில் விழும் என்பதுதான் கொடுமை.

மாஸ்க்கை இழைக்கு மிக அருகே, சில பத்து மைக்ரோமீட்டர் முதல் நூறு மைக்ரோமீட்டர் வரையிலான தூரத்தில் கொண்டுவாருங்கள். தொட விடாதீர்கள். புற ஊதா பட்ட பாலிமரிலிருந்து கிளம்பும் ஆவி மாஸ்க்கின் வரிகளில் படிந்தால், அடுத்த கற்றை அந்தப் படிவத்தைச் சுட்டு மாஸ்க்கையே கெடுத்துவிடும். உருளை வில்லையால் கற்றையை இழையின் நீளவாக்கில் ஒரு கோடாகக் குவியுங்கள். கற்றை மாஸ்க்கில் பட்டு இரண்டாகப் பிரிந்து, பின்னால் ஒன்றோடொன்று குறுக்கிட்டு, இழைக்குள் கீற்றுகளை வரைகிறது. கோடு உள்ளகத்தின் மேல் விழுகிறதா என்பதற்கு நிழலைப் பாருங்கள்: இழைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் காகிதம் வைத்தால், புற ஊதாவில் காகிதம் நீலமாக ஒளிரும்; நடுவே இழை நிழல் இருபுறமும் சமமாகப் பிரிந்து தெரிய வேண்டும். இதைக் குறைந்த ஆற்றலில், பாதுகாப்புக் கண்ணாடியோடு செய்யுங்கள். நுண்துளை இழை என்றால் துளைகள் கற்றையைச் சிதறடிக்கும். இழையை அதன் அச்சில் சிறிது சிறிதாகச் சுழற்றி, முகடு நன்றாக வளரும் கோணத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

எழுதும்போதே திரையில் பாருங்கள். முதலில் இரைச்சலில் ஒரு சின்ன மேடு எழும். பிறகு விடாமல் வளரும். ஒரு கட்டத்தில் வளர்ச்சி தளர்ந்து, முகடு அகலத் தொடங்கும். அங்கே நிறுத்திவிடுங்கள். "இன்னும் ஒரு நிமிடம்" என்று நீட்டினால் வெளிச்சம் பட்ட இடம் சூடாகும், முகடு நகரும், இழையின் மேற்பரப்பும் அரிக்கும். எழுதும்போது முகடு ஒரு பக்கமாகத் தள்ளிப்போய், கற்றையை மூடியதும் திரும்பி வந்தால் அது வெறும் சூடு. திரும்பி வராவிட்டால் அனீலிங் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபெம்டோசெகண்ட் வழி

இதில் மாஸ்க் தேவையில்லை. 517 நானோமீட்டர், இருநூறு ஃபெம்டோநொடி அளவுத் துடிப்புகளை நுண்ணோக்கி வில்லையால் உள்ளகத்துக்குள் ஒரு புள்ளியில் குவிக்கிறோம். அந்த அலைநீளத்தைப் பாலிமர் சாதாரணமாக உறிஞ்சாது. குவியும் புள்ளியில் மட்டும் செறிவு எகிறி, ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஃபோட்டான்களை உறிஞ்சும். அதனால் மேலுறையை உரிக்காமலேயே உள்ளே எழுதலாம். 1550 நானோமீட்டரிலும் இழப்பு குறைவாக உள்ள சைட்டாப் (ஃபுளோரின் கலந்த பாலிமர்) இழைக்கு இதுவே பொருத்தமான வழி.

கணக்கு எளிது. சைட்டாப்பின் ஒளிவிலகல் எண் சுமார் 1.34. நான்காம் வரிசைக் கீற்றணி (இடைவெளி வழக்கத்தைப்போல நான்கு மடங்கு) 1550இல் வேண்டுமென்றால் இடைவெளி 4 × 1550 ÷ (2 × 1.34), அதாவது 2.31 மைக்ரோமீட்டர். லேசர் நொடிக்கு 1000 துடிப்பு தருமானால் மேடையை நொடிக்கு 2.31 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்த்துங்கள். ஒவ்வொரு துடிப்பும் ஒரு கீற்று. வேகம் தடுமாறினால் கீற்றணியும் தடுமாறும், ஆகவே காற்றுத்தாங்கி மேடை (காற்றுப் படலத்தின் மேல் உராய்வின்றி நகரும் மேடை) இல்லாமல் இந்த வழியில் இறங்க வேண்டாம். வட்டமான இழை கற்றையை வளைத்துவிடாதபடி வில்லைக்கும் இழைக்கும் நடுவே ஒளிவிலகல் எண் ஒத்த எண்ணெய் விடுங்கள்.

கண்ணாடி இழையோடு இணைத்தல்

பாலிமரையும் சிலிகாவையும் உருக்கி ஒட்ட முடியாது. இரண்டு முனைகளையும் நேருக்கு நேர் வைத்து, திரும்பி வரும் முகடு உச்சத்தை எட்டும்வரை நகர்த்தி, ஒளிவிலகல் எண் 1.5 பக்கமுள்ள, புற ஊதாவில் இறுகும் பசையை ஒரு துளி விடுங்கள். சிலிகா முனை 8 டிகிரி சாய்வாக இருந்தால் இணைப்பிலிருந்து வரும் வீண் எதிரொளிப்பு அடங்கும். விளக்கை அடிக்கும்போது கீற்றணி உள்ள பகுதியை அலுமினியத் தாளால் மூடிவிடுங்கள். பாடுபட்டு எழுதியதன்மேல் மறுபடி புற ஊதா பட வேண்டாம். இறுகும்போது பசை சுருங்கி இணைப்பு கொஞ்சம் விலகும். விளக்கை ஒரேயடியாக அடிக்காமல், சில நொடி அடித்து, சரிபார்த்து, மறுபடி அடியுங்கள்.

அளவுத்திருத்தம்

அக்ரிலிக் உணரியை வெறும் அடுப்பில் வைத்து வெப்ப அளவுத்திருத்தம் செய்தால் கிடைக்கும் எண்ணை நம்ப முடியாது. 25 செல்சியஸில் 50 சதவீத ஒப்பு ஈரப்பதம் உள்ள காற்றை அப்படியே 50 செல்சியஸுக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் சுமார் 13 சதவீதமாக விழுகிறது. இழை சூடாவதோடு காயவும் செய்கிறது. சூட்டால் அலைநீளம் குறையும், காய்வதாலும் குறையும். நீங்கள் வெப்பம் என்று எழுதிவைக்கும் எண்ணில் கணிசமான பகுதி ஈரத்தின் கணக்கு. வெவ்வேறு ஆய்வகங்கள் ஒரே பொருளுக்கு ஏறுமாறான வெப்ப உணர்திறன் காட்டுவதற்கு இதுவும், இழை முன்பு பட்ட சூடும் பெரிய காரணங்கள்.

ஆகவே ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் தனித்தனியே கட்டுப்படுத்தும் பெட்டி வேண்டும். முதலில் வெப்பத்தை 25இல் நிறுத்தி ஈரப்பதத்தை 30இலிருந்து 90 வரை படிப்படியாக ஏற்றுங்கள், அதே படிகளில் இறக்குங்கள். பிறகு ஈரப்பதத்தை நிறுத்தி வெப்பத்தை மாற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் முகடு நகர்வது நின்ற பிறகே குறித்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் குறிக்காதீர்கள். தண்ணீர் இழைக்குள் ஊற எடுக்கும் நேரம் விட்டத்தின் இருமடிப்படி போகிறது. வேகமான ஈரப்பத உணரி வேண்டுமென்றால் இழையைப் பாதி விட்டத்துக்கு மெலிதாக்குங்கள். காத்திருக்கும் நேரம் நான்கில் ஒன்றாகிவிடும்.

திரிபுக்குச் சிறு எடைகளைத் தொங்கவிட்டு ஏற்றியும் இறக்கியும் பாருங்கள். ஏறும் கோடும் இறங்கும் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் நடுவே இடைவெளி இருக்கும். பாலிமரின் பாகுமீள் தன்மை அது: இழுத்தால் உடனே முழுக்க நீளாது, விட்டால் உடனே முழுக்கத் திரும்பாது. 1 சதவீதத்துக்குள் வைத்து, மெதுவாக இழுத்து, இறக்கிய பின் ஓய்வு கொடுத்தால் அந்த இடைவெளி ஒடுங்கும். பல மணி நேரம் இழுத்தே வைத்திருக்கும் வேலைக்கு இந்த உணரியைக் கொடுக்காதீர்கள். மாறிக்கொண்டே இருக்கும் விசைக்குக் கொடுங்கள்.

வெப்பமும் திரிபும் கலந்து வரும் இடமென்றால், பக்கத்திலேயே சிலிகா கீற்றணி ஒன்றை, இழுவிசை படாமல் வெப்பம் மட்டும் படும்படி வையுங்கள். 1550இல் செல்சியஸுக்குச் சுமார் 10 பிக்கோமீட்டர் நகரும் அது வெப்பத்தைத் தனியாகச் சொல்லிவிடும். பாலிமரின் நகர்விலிருந்து அந்தப் பங்கைக் கழித்துக்கொள்ளலாம்.

கடைசியாக, முடித்த உணரியை உடனே பயன்பாட்டுக்குக் கொண்டுபோகாமல், அது வேலை செய்யப்போகும் அதே சூட்டிலும் ஈரத்திலும் ஒரு வாரம் சும்மா வைத்து, தினமும் ஒரே நேரத்தில் முகட்டைக் குறித்து வாருங்கள். ஏழு நாள் எண்களும் கருவியின் பிழை வரம்புக்குள் நின்றால் உணரியைப் பொருத்தலாம். தினமும் ஒரே பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால், அதே இழைக்கட்டில் மிச்சமிருக்கும் இழையை எடுத்து, மைப்புள்ளி வைத்து, அடுப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.